கியர்பாக்ஸ் இறங்கிய சனிக்கிழமை

எஷிமின் குதிரை சந்தைக்குப் போனது என் வாய்க்கொழுப்பால். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தால், அதற்குள் நான் நாலு சாக்கு தேடிவிடுவேன். சாக்குச் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

கிர்கிஸ்தானின் நாரின் ஊரில் ஆற்றுப்பாலம் தாண்டியதும் வருகிற பட்டறை என்னுடையது. ஷர்ஷென் பட்டறை என்றால் யாரும் காட்டுவார்கள். ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்து, வலது பக்க ஸ்டீயரிங்கோடு எங்கள் மலைகளில் மூச்சு வாங்குகிற பழைய வேன்கள் எல்லாம் கடைசியில் என் குழிக்கு மேல்தான் வந்து நிற்கும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருக்கிறது. கொஞ்சம் என்பதை அடக்கத்துக்காகச் சொல்கிறேன்.

அந்தப் பெயர் வந்தது ஒரு பழக்கத்தால். மற்ற பட்டறைக்காரர்கள் கியர்பாக்ஸ் கீழே இறங்கியதும் அதன்மேல் பாய்வார்கள். நான் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தை விளக்குப் பிடித்துப் பார்ப்பேன். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற மெல்லிய தட்டில் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி வெடிப்பு விட்டிருக்கிறதா, மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா, ஒயர்கள் சைலன்சர் சூட்டில் வெந்திருக்கின்றனவா, பைப்புகள் எங்காவது உரசுகின்றனவா, எல்லாம் பார்ப்பேன். கியர்பாக்ஸ் மேலே இருக்கும்போது இதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. பல வண்டிகளில் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான் அந்த இடத்தில் வெளிச்சம் படும். "பொட்டி இறங்கினா மேல பாருங்கடா" என்று டீக்கடையில் உட்கார்ந்து மற்றப் பட்டறைக்காரர்களுக்கு நான் பிரசங்கம் செய்யாத வாரம் கிடையாது.

அது நவம்பர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. ஊல்கான் அக்கா பிஷ்கெக்கிலிருந்து ஏழு பயணிகளோடு நாரினுக்கு வந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது. புருஷன் இறந்த பிறகு அவருடைய வேனை எடுத்துத் தானே ஓட்டுகிறாள். ஆரம்பத்தில் ஆண் டிரைவர்கள் சிரித்தார்கள். இப்போது பனி கொட்டினால், அக்கா கிளம்பிவிட்டாளா என்று விசாரித்துவிட்டுத்தான் அவர்கள் சாவியைத் தொடுகிறார்கள்.

தொலோன் கணவாயின் உச்சியில் டீசல் உறைந்து வேன் நின்றுவிட்டது. வழியில் யாரோ கோடைக்கால டீசலை ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். வெளியே மைனஸ் இருபது. போன் எடுக்காத இடம். ஏழு பேரில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. பிறந்து நாற்பது நாள் முடிந்து, முதன்முதலாக வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்த குழந்தை.

முக்கால் மணி நேரம் கழித்து எஷிமின் லாரி வந்தது. நிலக்கரி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். எங்கள் மலையில், நின்றுபோன வண்டியைத் தாண்டிப் போகிறவன் வீட்டுக்குப் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள். எஷிம் தாயையும் குழந்தையையும் இன்னும் இரண்டு பேரையும் தன் கேபினில் ஏற்றிக்கொண்டான். மற்றவர்களுக்குத் தன் கம்பளியைக் கொடுத்தான். வேனை இரும்புக் கயிற்றால் கட்டி, அறுபது கிலோமீட்டர் இழுத்துக்கொண்டுவந்து என் பட்டறை வாசலில் விட்டான்.

வேனின் கியரை நியூட்ரலில் போடச் சொல்லியிருக்கிறான். அவன் லாரியை அப்படித்தான் இழுப்பார்கள், அவன் அப்பாவின் லாரியையும் அப்படித்தான் இழுத்தார்கள். கையால் கியர் போடுகிற வண்டிக்கு அது சரி. ஆட்டோமேட்டிக்குக்கு அது கொலை. எஞ்சின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றும். எஞ்சின் நின்றிருக்கும்போது சக்கரம் மட்டும் சுற்றினால், உள்ளே எல்லாம் எண்ணெய் இல்லாமல் உரசி வெந்துவிடும். எங்கள் ஆட்களின் இந்த உபகாரத்தால் குளிர்காலத்துக்கு நாலு கியர்பாக்ஸாவது எனக்கு வந்து சேர்கிறது.

வெள்ளிக்கிழமை காலை வேன் பட்டறைக்குள் சூடேறி, டீசல் இளகி, எஞ்சின் கிளம்பியது. கியர் போட்டால் அசையவில்லை. எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பார்த்தேன், கறுப்பு. கருகின வாடை. அடித்தட்டைக் கழற்றினால், அதில் ஒட்டியிருக்கும் காந்தம் முழுக்கச் சேறு மாதிரி இரும்புத்தூள்.

சரியாக அந்த நேரம் பார்த்து எஷிம் உள்ளே வந்தான். அத்பாஷியில் இருக்கிறான், நாற்பது வயது, அதிகம் பேசாதவன். தலையில் புத்தம் புதிய வெள்ளைக் கம்பளித் தொப்பி, எங்களில் ஒருவரைக் கௌரவிக்கப் போட்டுவிடுவது. வண்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறான். பட்டறையில் இன்னும் மூன்று பேர் தங்கள் வண்டிக்காக உட்கார்ந்திருந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் என் நாக்கு ஒரு விரற்கடை நீளும்.

"என்ன தம்பி, தொப்பி புதுசா இருக்கு? யாரு போட்டுவிட்டது?"

"அந்தக் குழந்தையோட தாத்தாண்ணே. வேண்டாம்னுதான் சொன்னேன், கேக்கல."

"போடட்டும், போடட்டும். கையை நீட்டு, நானும் ஒரு பரிசு தரேன்."

அந்தக் காந்தத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். அவன் கறுத்துப்போன கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்ன இது என்று கேட்டான்.

"நீ கொன்ன பொட்டியோட சாம்பல்."

மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் ஏறிவிட்டது. அடியில் நாலு போல்ட்டைக் கழற்றி, சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டை இறக்கிவிட்டு இழுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, இதுகூடத் தெரியாமல் ஒரு டிரைவரா என்று அவனை நிற்கவைத்துக் காய்ச்சினேன். அந்தக் குளிரில் விரல் தன் கையில்தான் இருக்கிறதா என்றே தெரியவில்லை என்று அவன் முனகியதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவன் கேட்டான்.

"ஒரு பொட்டி என்ன விலைண்ணே ஆகும்?"

"உன் சாம்பல் குதிரைய வித்தா ஆகும்."

கேலிக்குத்தான் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சாம்பல் நிறக் குதிரையை எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். கோடையில் எஷிமின் மனைவி சல்கின் அதன் பாலைப் புளிக்கவைத்து, கணவாய்ச் சாலையோரம் உட்கார்ந்து விற்பாள். மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் குளிர்கால மாவும் அதிலிருந்துதான். இப்போது அது சினையாக வேறு இருந்தது.

சாயங்காலம் ஊல்கான் அக்காவுக்கு விஷயம் எட்டிவிட்டது. அவளுக்கு ஆட்டோமேட்டிக்கைப் பற்றித் தெரியும். தெரிந்துதான் கட்டி இழுக்கச் சொல்லியிருக்கிறாள். குழந்தையா கியர்பாக்ஸா என்று யோசிக்க அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை. இதை எஷிமுக்குப் போன் செய்து சொன்னாளாம். அவன் அதை ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். கெடுத்தவன் நான், ஞாயிற்றுக்கிழமை அத்பாஷி சந்தையில் குதிரையை விற்றுக் கொடுத்துவிடுகிறேன், இதற்குமேல் பேசாதீர்கள் என்று வைத்துவிட்டான். அப்புறம் யார் அழைத்தாலும் எடுக்கவில்லை.

"உன் வாயில ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கணும்டா" என்று அக்கா என்னைத் திட்டினாள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். தப்பு செய்தவன் அவன், எனக்கென்ன என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சனிக்கிழமை கியர்பாக்ஸை இறக்கினேன். பேட்டரியைக் கழற்றினேன். மிச்ச எண்ணெயை வடித்தேன். ஷாஃப்ட் இருந்த மாதிரியே திரும்ப உட்கார வேண்டும் என்று அதில் சாக்பீஸால் கோடு போட்டுக் கழற்றினேன். சின்ன ஜன்னல் வழியாக எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, எஞ்சின் சுழற்சியைப் பெட்டிக்குக் கொடுக்கிற டார்க் கன்வர்ட்டரைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். குளிர்விக்கிற எண்ணெய்ப் பைப்புகளைக் கழற்றி வாயை அடைத்தேன். ஜாக்கைக் கொடுத்து, மவுண்டிங்கை விடுவித்து, சுற்றியிருந்த போல்ட்டுகளைத் தளர்த்த, மதியம் ஒரு மணிக்குப் பெட்டி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுச் சமர்த்தாகக் கீழே வந்தது. அக்கா அதுவரை விளக்குப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தாள். பசிக்கிறது என்று நான் சொன்னதும் கறி வைத்துச் சுட்ட சம்சா வாங்கிவரக் கடைக்குப் போனாள்.

நான் வழக்கம்போல மேலே பார்த்தேன். ஆயில் சீல் லேசான ஈரம், மாற்றிவிடலாம். தட்டில் வெடிப்பு இல்லை. விரல் நகத்தால் ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றிக் கீறிப் பார்த்தேன். தட்டின் விளிம்புப் பற்கள் நன்றாக இருந்தன. மவுண்டிங் ரப்பர் இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்கும். ஒயர்கள் சுத்தம். எல்லாம் போன வருஷம் நான் பார்த்துவைத்த மாதிரியே இருக்கிறது என்று ஒரு திருப்திகூட வந்தது. போன வருஷம் ஜூலையில் இதே பெட்டியை நான்தான் இறக்கி ஏற்றியிருந்தேன்.

கடைசியாகக் கையை மேலே, கியர்பாக்ஸ் இருந்த பள்ளத்தின் கூரைக்கு விட்டேன். பின் சக்கரங்களுக்குப் போகிற பிரேக் பைப் அங்கேதான் ஓடுகிறது. விரலில் ஈரம் பட்டது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன்.

பைப் ஓரிடத்தில் சப்பையாகத் தேய்ந்து பளபளத்தது. பக்கத்து எண்ணெய்ப் பைப்பின் தாங்கி அதில் உரசி உரசிக் காகிதக் கனத்துக்குக் கொண்டுவந்திருந்தது. பிரேக் எண்ணெய் வியர்வை மாதிரித் துளிர்த்திருந்தது. இரண்டையும் விலக்கிப் பிடிக்க அங்கே ஒரு கிளிப் இருக்கும். கிளிப் இல்லை. அந்த இடத்தில் ஒரு கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. அதுவும் தளர்ந்து தொங்கியது.

கம்பியின் முறுக்கு தலைகீழாக இருந்தது. எல்லாரும் முறுக்குகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். இந்த ஊரில் இடது கைக்கார மெக்கானிக் நான் ஒருவன்தான்.

குழிக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தக் கிளிப் என் கையில்தான் உடைந்தது. புதுசு கடையில் இருந்தது, கடை பத்து நிமிஷ நடை. ஆனால் என் பெரியப்பா மகன் வீட்டில் விருந்து. போன் மேல் போன். ஆட்டுத்தலையை உனக்காகத்தான் எடுத்துவைத்திருக்கிறோம், நீ வந்து அறுத்தால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள் என்கிறார்கள். எங்கள் ஊரில் தலை வைத்துக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று கம்பியை முறுக்கினேன். அக்காவுக்கும் சாயங்காலமே வண்டி வேண்டியிருந்தது. கம்பிக்கு மேலேயே கியர்பாக்ஸை ஏற்றி மூடிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கறி தின்னப் போனேன். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

பதினாறு மாதம். அந்தப் பைப்போடு அக்கா வாரத்துக்கு மூன்று முறை அந்தக் கணவாயில் ஏறி இறங்கியிருக்கிறாள். அது வெடித்தால் பின் பிரேக் போய்விடும். முன் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஏழு பேரோடு, பனியில், அந்த இறக்கத்தில் எத்தனை வளைவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். எஷிம் கட்டி இழுத்து வந்த அன்றைக்கும், எஞ்சின் உதவி இல்லாமல், இரண்டு காலையும் சேர்த்து மிதித்து அவள் பிரேக் பிடித்திருக்கிறாள். இன்னும் எத்தனை மிதி பாக்கி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து இருக்கலாம், ஒன்று இருக்கலாம்.

கியர்பாக்ஸ் எரிந்திருக்காவிட்டால் நான் அதை இறக்கியிருக்க மாட்டேன். இறக்கியிருக்காவிட்டால் இது தெரிந்திருக்காது. நான் நாலு பேர் முன்னால் கேலி செய்த அந்த மனுஷனின் கயிறுதான், அக்காவையும் இனி அந்த வேனில் ஏறப்போகிறவர்களையும் சாவிலிருந்து இழுத்து வந்திருக்கிறது. அந்தக் கயிற்றை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. நன்றி என்றால் இனிப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது அப்படிக் கசக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவ்வளவும் நினைத்தவன் என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அக்கா திரும்பி வருவதற்குள் அந்தப் பைப்பைக் கழற்றி, தேய்ந்த துண்டை வெட்டிச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன். புதுப் பைப் போட அரை மணி நேர வேலை. போட்டு மூடினால் ஒருவருக்கும் தெரியாது. அக்கா சம்சாவோடு வந்து மேலே எல்லாம் எப்படி என்று கேட்டாள். ஆயில் சீல் மட்டும் மாற்றணும் என்றேன். சம்சாவைப் பாதியில் வைத்துவிட்டேன். சூடு ஆறிவிட்டது என்று சாக்குச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள். எஷிமை நேரில் பிடித்து நிறுத்த வேண்டும், உன் காரை எடு என்றாள். சந்தை மதியத்துக்குள் முடிந்துவிடும். அத்பாஷி நாற்பத்தைந்து கிலோமீட்டர். கிளம்பினோம்.

வழியிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். அக்கா விடவில்லை. அவள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தாள்.

"உன் வாய்தான் மோசம், கை தங்கம்டா. போன வருஷம் நீ பொட்டிய இறக்கி அத்தனையும் பாத்து வெச்சதாலதான் நான் பயமில்லாம ஓட்டினேன். இறக்கத்துல பிரேக்ல கால் வெக்கும்போதெல்லாம் உன்னை நெனைச்சுக்குவேன். ஷர்ஷென் பாத்த வண்டின்னு சொல்லித்தான் நான் ஆளுங்கள ஏத்தறேன்."

சட்டைப்பையில் இருந்த பைப் துண்டு நெஞ்சில் குத்தியது. என்னை நாலு அறை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். என் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு, எஷிமுக்காகத்தான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

சந்தையில் ஆடு, மாடு, குதிரை, லாரி, மனுஷர் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. மூச்செல்லாம் வெள்ளைப் புகையாக எழும்பியது. குதிரைகள் நிற்கிற மூலைக்குள் ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனோம். எஷிம் இருந்தான். சாம்பல் குதிரையின் கயிறு அவன் இடது கையில். வலது கை, கொச்கோர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தடித்த ஆளின் கைக்குள். நடுவில் தரகன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தான். மூன்றாவது குலுக்கலில் இருவரும் 'சரி' என்றால் முடிந்தது. அப்புறம் யாராலும் மாற்ற முடியாது.

நான் போய் அந்தக் கைகளுக்கு மேல் என் கையை வைத்து அழுத்தினேன். தரகன் கெட்ட வார்த்தையில் திட்டினான். என்னண்ணே இது, விடுங்க என்றான் எஷிம். நான் சட்டைப்பையிலிருந்து பைப் துண்டை எடுத்து நீட்டினேன்.

"இது ஊல்கான் அக்கா வேனோட பிரேக் பைப்பு. இதைக் கெடுத்தது நான். போன வருஷம் ஒரு கிளிப்பைப் போடாம, கம்பியச் சுத்திட்டு விருந்துக்குப் போயிட்டேன். நேத்து பொட்டிய இறக்கினதாலதான் கண்ணுல பட்டுச்சு."

அக்கா துண்டை என் கையிலிருந்து வாங்கினாள். தேய்ந்த இடத்தைக் கட்டை விரல் நகத்தால் அழுத்தினாள். தகரத்தாள் மாதிரி உள்ளே போய், ஒரு ஓட்டை விழுந்தது. அவள் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பக்கத்தில் நின்ற வண்டியின் பலகையில் மெதுவாக உட்கார்ந்தாள்.

எஷிம் வாங்குகிறவனின் கைக்குள்ளிருந்து தன் கையை உருவிக்கொண்டான்.

"அப்ப நான் கட்டி இழுக்கலைன்னா?"

"இழுக்கலைன்னா பொட்டி நல்லா இருந்திருக்கும். பொட்டி நல்லா இருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன். அக்கா இதே பைப்போட இன்னைக்கும் கணவாய்ல இறங்கியிருப்பா." அக்கா கையில் இருந்த துண்டைக் காட்டினேன். "நீ எதையும் கெடுக்கலடா தம்பி. நீ காப்பாத்துனே. அந்த ஏழு பேரை மட்டும் இல்ல. என்னையும்தான்."

இன்னொரு பொட்டி என் செலவு, ஏற்றித் தருவதும் என் வேலை என்று சொன்னேன். தடித்த ஆள், குதிரை விற்பனைக்கா இல்லையா, இங்கே என்ன நாடகம் என்று கத்த ஆரம்பித்தான். தரகனுக்குத்தான் முதலில் புரிந்தது. அந்த ஆளின் தோளில் கை போட்டு, வேறு குதிரை காட்டுகிறேன் வா என்று அழைத்துக்கொண்டு போனான்.

அக்கா திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் திட்டவும் செய்தாள், ஆனால் நான் எதிர்பார்த்ததை வைத்துத் திட்டவில்லை.

"நேத்தே தெரியும் உனக்கு. நான் சம்சா வாங்கிட்டு வந்தப்பவே தெரியும்."

"ஆமாக்கா."

"புதுசா ஒண்ணப் போட்டு மூடியிருந்தா யாருக்குடா தெரிஞ்சிருக்கும்?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவள் பைப் துண்டைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "சொன்னியே, அதுக்கு நன்றி" என்றாள். இனிமேல் கியர்பாக்ஸ் மேலே போவதற்கு முன் தானும் குழிக்குள் இறங்கிப் பார்ப்பதாகச் சொன்னாள். பாருக்கா என்றேன்.

எஷிம் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். அழுதானா என்று தெரியாது, நான் பார்க்கவில்லை. திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. குதிரைக் கயிற்றை என் கையில் திணித்தான்.

"நீங்களே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணே. நான் ஒரு டீ குடிக்கணும்."

எனக்குக் குதிரை என்றால் பயம். கிர்கிஸ்காரனாகப் பிறந்து இதை வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். ஏழு வயதில் ஒன்று உதைத்ததிலிருந்து நான் இரும்பைத் தவிர எதையும் நம்பியதில்லை. எஷிமுக்கு அது தெரியும். ஊருக்கே தெரியும். அவன் கண்ணில் முதன்முறையாக ஒரு குறும்பு ஓடியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

சந்தையிலிருந்து எஷிமின் வீடு மூன்று கிலோமீட்டர். கயிற்றைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். குதிரை என்னைவிடப் பொறுமைசாலி. சினை வயிற்றோடு மெதுவாக, என் நடைக்கு நடந்து வந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் நின்றார்கள்.

"என்ன ஷர்ஷென், எஷிம் குதிரைய வாங்கிட்டியா?"

"வாங்கலை. திருப்பி விடப்போறேன்."

"ஏன், என்னாச்சு?"

சொன்னேன். முதல் ஆளிடம் சுருக்கமாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். இரண்டாவது ஆள் வெள்ளிக்கிழமை பட்டறையில் உட்கார்ந்து சிரித்த மூன்று பேரில் ஒருவன். அவனிடம் முழுக்கச் சொன்னேன். கிளிப், கம்பி, ஆட்டுத்தலை எல்லாம். அப்புறம் கேட்ட எல்லாரிடமும் முழுக்கவே சொன்னேன். பதினேழு பேர். சிலர் சிரித்தார்கள். தன் வண்டியையும் போன வருஷம் பார்த்தது நான்தான் என்று ஞாபகம் வந்து ஒருவர் முகம் மாறினார். நாளைக்கே கொண்டுவாங்க, திறந்து பார்த்துவிடுகிறேன் என்றேன். சொல்லச் சொல்ல, தள்ளிப் பிடித்திருந்த கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடித்தேன். குதிரையும் நானும் கொஞ்சம் பக்கத்தில் பக்கத்தில் நடக்க ஆரம்பித்திருந்தோம்.

சல்கின் வாசலில் சாம்பலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். குதிரையைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். கண்கள் வீங்கியிருந்தன. விற்கவில்லையா, எஷிம் எங்கே என்று அவள் கேட்பதற்குள் நானே சொன்னேன். வெள்ளிக்கிழமை அவள் புருஷனை நான் என்ன பேசினேன் என்பதையும் சொன்னேன். அதை எஷிம் வீட்டில் சொல்லவே இல்லையாம்.

நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தக் குழந்தை நல்லா இருக்குதில்லண்ணே?"

"நல்லா இருக்கும்மா. உன் வீட்டுக்காரனாலதான் இருக்கு."

அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். குதிரையைக் கம்பத்தில் கட்டிவிட்டு உள்ளே போனாள். நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். "நில்லுங்கண்ணே" என்று குரல் வந்தது. இரண்டு கையிலும் ரொட்டியை ஏந்திக்கொண்டு வந்தாள், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது. வீட்டு வாசல்வரை வந்தவர் ரொட்டியில் வாய் வைக்காமல் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். விரோதிக்கு நீட்ட மாட்டார்கள்.

"வாய்ல வெச்சுட்டுப் போங்க" என்றாள்.

என் கை முழுக்கக் குதிரை வாடையும், நகக்கண்ணில் நேற்றைய கறுப்பு எண்ணெயும் இருந்தன. சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு துண்டைப் பிய்த்தேன். சூடாக இருந்தது. மெதுவாக மென்றேன். அவள் அவசரப்படுத்தாமல், மிச்ச ரொட்டியை ஏந்தியபடி, நான் மென்று முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தாள்.